ஆய்வகக் கதவை மூடியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களுக்கும், கட்சிச் செயலாளர் அவர்களுக்கும், பல்கலைக்கழக நிர்வாகக் குழுவினருக்கும்,

சீனப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த உங்கள் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இயற்பியல் நடத்தி வருகிறேன். மார்ச் முதல் வாரம் ஆசிரியர்களின் வீசாட் (வாட்ஸ்அப் போன்ற செயலி) குழுவில் இரண்டு வரி அறிவிப்பு வந்தது. பள்ளி மாணவர் அல்லாத யாரும் இனி ஆய்வகக் கட்டடத்துக்குள் வரக்கூடாது, சனிக்கிழமை நிகழ்ச்சி இந்தப் பருவத்தோடு நிறுத்தப்படுகிறது என்றது அது. காரணமாக ஒரே ஒரு சொல் இருந்தது: பாதுகாப்பு. அலுவலகத்தில் சீன மொழியில் ஒரு கடிதம் கொடுத்தேன், ஆங்கிலத்தில் ஒன்று கொடுத்தேன். ஆறு வாரமாகப் பதில் இல்லை. அதனால் இதை என் தாய்மொழியில், நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். சீன மொழிபெயர்ப்பு தனியாக உங்கள் மேசைக்கு வரும்.

பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் இதில் இருக்காது. கேன்டீனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான் புதுப்பிக்கப்படுகிறது. இந்த மடலால் அவர்களில் ஒருவருக்குக்கூட வேலை போய்விடக் கூடாது.

சனிக்கிழமை நிகழ்ச்சி என்று நீங்கள் குறிப்பிட்டது 14 பிள்ளைகளை. கேன்டீனில் மாவு பிசைகிறவர், விடுதிக் கழிப்பறை கழுவுகிறவர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வாசல் காவலர் ஆகியோரின் பிள்ளைகள். துப்புரவு செய்யும் பெண்களை இங்கே எல்லோரும் ‘ஆயி’ என்று கூப்பிடுகிறார்கள். சீனத்தில் அதற்குச் சித்தி, அத்தை என்பது போன்ற பொருள். எனக்கு அது எங்கள் ஊர்ச் சொல் மாதிரியே காதில் விழும். நாலு வருடத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஆயி தன் மகனைத் தரைத்தள ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தார். பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி உள்ளே இருந்த, நிலைமின்சாரம் உண்டாக்கும் வான் டி கிராஃப் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இரண்டு சீன ஆசிரியர்களும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை ஆய்வகத்தைத் திறந்துவைக்கத் தொடங்கியது அப்புறம்தான். அப்போதைய முதல்வர் வாய்மொழியாகச் சம்மதித்தார். பள்ளிக்கு ஒரு யுவான் செலவு இல்லை. கம்பி, மின்கலம், காந்தம் எல்லாம் நாங்கள் மூன்று பேரும் கைக்காசு போட்டு வாங்கியவை.

என்ன நடந்தது அங்கே என்று ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். நூடுல்ஸ் கவுண்டரில் நிற்பவரின் மகளுக்கு 13 வயது, ஏழாம் வகுப்பு. சென்ற நவம்பரில் எல்லோரும் சின்ன மோட்டார் செய்தார்கள். மின்சாரம் கடத்தாத எனாமல் பூசிய செப்புக் கம்பியை விரலில் பத்துச் சுற்றுச் சுற்றி வளையமாக்கி, இரண்டு முனைகளையும் மின்கலத்தோடு இணைத்த ஊக்குகளில் தொங்கவிட்டு, அடியில் ஒரு காந்தம் வைக்க வேண்டும். ஒரு முனையில் எனாமலை முழுதாகவும், மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். இவள் இரண்டையும் முழுதாகச் சுரண்டிவிட்டாள். வளையம் சுற்றவில்லை. துடித்துத் துடித்து நின்றது. நான் விடையைச் சொல்லவில்லை. அரை மணி நேரம் குனிந்து அதையே பார்த்தாள். பிறகு, பாதிச் சுற்று வரை முன்னால் தள்ளுகிற விசை அடுத்த பாதியில் பின்னால் இழுக்கிறது, அந்தப் பாதியில் மின்சாரம் வராமல் இருந்தால் போதும் என்றாள். யாரும் கற்றுத்தரவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாவின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, சுரண்டிய கம்பியின் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு பூசி, ஊதி ஊதிக் காயவைத்தாள். வளையம் சுற்றியது. என் வகுப்பில் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளில் இதைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் ஒன்பது வருடத்தில் மூன்று பேர்.

இவளைத்தான் அறிவிப்பு ‘பள்ளி மாணவர் அல்லாதோர்’ என்கிறது. சொல் சரிதான். இந்தப் பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களில் ஒருத்தி என்பதும் சரி. அதைத்தான் உங்களுக்கு நினைவுபடுத்த வந்திருக்கிறேன்.

ஆண்டு விழாவுக்காக இரண்டாம் மாடியில் வரலாற்றுக் கூடம் அமைத்திருக்கிறீர்கள். முதல் பலகையில் தங்க நிற எழுத்தில், தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் கதவைத் திறந்த பள்ளி என்று இருக்கிறது. அது அலங்காரச் சொல் அல்ல, நடந்த கதை. 1949 டிசம்பரில் பெய்ஜிங்கில் கூடிய முதல் தேசியக் கல்வி மாநாடு, பள்ளிகள் தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 1950-இல் ‘தொழிலாளர் விவசாயி விரைவு உயர்நிலைப் பள்ளிகள்’ பிறந்தன. சண்டையிலும் வறுமையிலும் படிப்பை இழந்த ஆலைத் தொழிலாளர்கள், படைவீரர்கள், கிராம ஊழியர்கள் வந்து, ஆறு வருடப் படிப்பை மூன்று நான்கு வருடத்தில் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான பள்ளிகள் அவை. பல்கலைக்கழகங்களோடு இணைத்ததும் அதற்காகத்தான். பேராசிரியரும் ஆய்வகமும் நூலகமும் பக்கத்திலேயே இருந்தால் பின்தங்கியவன் சீக்கிரம் எட்டிப்பிடிப்பான் என்ற கணக்கு.

இன்று சீனாவிலேயே பெரும்பேர் பெற்ற இணைப்புப் பள்ளிகளில் சில இப்படித் தொடங்கியவை. பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழக இணைப்புப் பள்ளி 1950-இல் அப்படிப் பிறந்தது. ஷாங்காயில் ஃபூதான் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பள்ளிக்கும் அதே வேர். உங்கள் பள்ளியும் அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

உங்கள் கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. கடைசல் பட்டறைத் தொழிலாளி ஒருவருடையது. முதல் பக்கத்தில் பின்னக் கணக்கு, அந்த வருடக் கடைசியில் இருபடிச் சமன்பாடு. பக்க ஓரமெல்லாம் எண்ணெய் விரல்களின் கறை. பக்கத்தில் 1953-ஆம் ஆண்டு வகுப்புப் படம். பஞ்சு வைத்துத் தைத்த மேற்சட்டையோடு நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு முப்பது வயது இருக்கும். ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தை. எத்தனையோ தடவை அந்தப் படத்தின் முன் நின்றிருக்கிறேன். இவர்களை யாரும் பள்ளி மாணவர் அல்லாதோர் என்று வாசலில் நிறுத்தவில்லை.

இதில் எனக்குச் சொந்த ஒட்டும் உண்டு. என் அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. ஸ்பின்னிங்கில் சைடர். மூன்று ஷிப்டும் மாறி மாறி நின்று, அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே விரல் நுனி தேய்ந்தவர். அதனால் இந்த நாட்டுக்கு வந்து ஹாவ் ஜியான்ஷியுவைப் பற்றித் தெரிந்துகொண்டபோது மனசு நெகிழ்ந்தது. சிங்தாவ் நகரப் பஞ்சாலையில் சிறுமியாக வேலைக்குச் சேர்ந்தவர். இழை அறுவதைக் குறைக்கவும் கழிவுப் பஞ்சை மிச்சப்படுத்தவும் நடையை ஒழுங்குபடுத்தி ஒரு முறை கண்டுபிடித்தார். கழிவு 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. 1951-இல் அந்த முறைக்கு அவர் பெயரையே வைத்து நாடு முழுவதும் ஆலைகளில் பரப்பினார்கள். அப்போது அவருக்கு 16 வயது. 1954-இல் அவரை ரென்மின் பல்கலைக்கழகத்தின் விரைவுப் பள்ளியில் சேர்த்தார்கள். நாலு வருடம் படித்தார். அங்கிருந்து ஷாங்காயில் நெசவுத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். 1981-இல் நாட்டின் நெசவுத் தொழில் அமைச்சர் ஆனார். கழிவுப் பஞ்சு பொறுக்கிய கைக்கு ஒரு பள்ளி கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் வகைப் பள்ளிகளின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு பள்ளி கிடைக்கவில்லை.

முதல் பலகைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. 1955-இல் கல்வி அமைச்சகம் இந்த விரைவுப் பள்ளிகளுக்குப் புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. அவசர அவசரமாகப் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் அங்கே திணறுகிறார்கள் என்று பேசப்பட்ட காலம் அது. கட்டடமும் ஆசிரியரும் பல்கலைக்கழகத் தொடர்பும் அப்படியே இருக்க, உள்ளே படிக்கிறவர்கள் மாறினார்கள். சாதாரண உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. பிறகு தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான ‘முக்கியப் பள்ளி’ ஆயிற்று. பலகையில் இது ஒரு வரிகூட இல்லை. பார்க்க வருகிறவர்கள் அன்று திறந்த கதவு இன்றுவரை திறந்தேதான் இருக்கிறது என்று எண்ணிப் போகிறார்கள்.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. 1965-க்கு அடுத்த பலகை 1977. நடுவில் நடந்த கலாச்சாரப் புரட்சி பெரிய விஷயம், அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அந்தப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர் இயக்கம் 1966 மே மாதம் தொடங்கியது ஒரு பல்கலைக்கழக இணைப்புப் பள்ளியில், சிங்ஹுவாவின் இணைப்புப் பள்ளியில். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் இணைப்புப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை பியான் ஜோங்யுன் தன் மாணவிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். இங்கே நான் அதை எடுப்பது ஒரு காரணத்துக்காக மட்டும். அப்பன் வீரனென்றால் பிள்ளை நல்லவன், அப்பன் துரோகியென்றால் பிள்ளை உதவாக்கரை என்ற பொருளில் ஓர் இரட்டை வரி அந்தக் கோடையில் இத்தகைய பள்ளிகளின் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. யாருக்குப் பிறந்தாய் என்பதை வைத்து உன் இடம் தீர்மானமாகும் என்றது. யூ லுவோக்கெ என்ற இளைஞர் அதை மறுத்து எழுதினார். நன்றாகப் படித்தும் குடும்பப் பின்னணியால் பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டவர். பிறப்பு ஒருவருடைய தகுதியைச் சொல்லாது என்பதே அவர் கட்டுரையின் வாதம். 1970 மார்ச் 5 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 27 வயது. 1979-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

நாட்டின் அந்த அறிவிப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். பிறப்பை வைத்துப் படிப்பைத் தீர்மானிப்பது தவறு என்று ஏற்றுக்கொண்ட பிறகு, நூடுல்ஸ் கவுண்டரில் நிற்பவரின் மகள் எந்தக் கணக்கில் வெளியே நிற்கிறாள்?

பதில் எனக்குத் தெரியும்: ஹூகோவ். எங்கள் ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1958-இல் சட்டமான குடும்பப் பதிவு முறை அது. ஒருவர் எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் அவருக்குப் பள்ளி, மருத்துவம், தேர்வு எல்லாம் உரிமையாகக் கிடைக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பதிவான ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்கிறவர்கள் 37 கோடிக்கு மேல். அவர்களின் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வரையிலான கட்டாயக் கல்வியை, கேட்கிற ஆவணங்களை எல்லாம் காட்ட முடிந்தால், பெற்றோர் வேலை செய்யும் ஊரில் படிக்கலாம். அதற்கு மேல் பெருநகரங்களில் வழி மிகக் குறுகல். ஜோங்காவ் எனப்படும் ஒன்பதாம் வகுப்புத் தேர்வை எழுதி இது போன்ற பள்ளியில் இடம் பிடிக்கவும், பிறகு காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதவும் பெரும்பாலும் பதிவான மாநிலத்துக்கே திரும்ப வேண்டும். 2012-இல் மத்திய அரசு இதைத் தளர்த்தச் சொன்னது. ஆனால் நிபந்தனைகளை அந்தந்த ஊரே வகுக்கலாம் என்றும் சொன்னது. பெரிய ஊர்கள் கடுமையாகவே வகுத்தன.

ஷாங்காய் மாணவர்கள் 2009-இலும் 2012-இலும் பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் உலகிலேயே முதலிடம் வந்தபோது என் ஊர் ஆசிரிய நண்பர்கள் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள், ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. அந்தத் தேர்வு 15 வயதுப் பிள்ளைகளுக்கு. புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகளில் ஏராளமானவர்கள் அந்த வயதுக்குள் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை அப்போதே சிலர் சுட்டிக்காட்டினார்கள். நண்பர்களுக்கு அதையும் எழுதினேன்.

என் நகப்பூச்சுப் பெண் வருகிற ஜூலையில் ஹெனான் மாநிலத்துக்குப் போகிறாள், பாட்டி வீட்டுக்கு. எட்டாம் வகுப்பை அங்கே தொடங்கினால்தான் அந்த ஊர்ப் பாடத்திட்டத்தில் ஜோங்காவுக்குத் தயாராக முடியும். அப்பா அம்மா இங்கேதான் இருப்பார்கள். ஹெனானில் வருடத்துக்கு 12 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் காவ்காவ் எழுதுகிறார்கள். இங்கே அப்பா தினமும் நூடுல்ஸ் அள்ளிப் போடுகிற தட்டுகளை நீட்டும் பிள்ளைகளோடு அவளுக்குப் போட்டியே இல்லை. அவள் வேறு வரிசையில் நிற்கிறாள், நீளமான வரிசையில்.

ஹூகோவை மாற்றுவது உங்களால் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதை உங்கள் தலையில் கட்டவில்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஆய்வகத்தைத் திறக்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டாம். அதையும் மூடிவிட்டீர்களே என்பதுதான் என் குறை.

பாதுகாப்பு என்று சொன்னீர்கள். நாலு வருடத்தில் நடந்த விபத்து ஒன்று. ஒரு பையனுக்கு சூடான கம்பியில் விரல் பட்டுச் சிவந்தது. குழாய்த் தண்ணீரில் பிடித்தோம், சரியாகிவிட்டது. வேதிப்பொருள் அலமாரியை நாங்கள் தொட்டதே இல்லை. 14 பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள். உங்கள் சொந்த வகுப்பில் 40 பேருக்கு ஒருவர். காப்பீடுதான் சிக்கல் என்றால் அதற்கான தொகையை எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தேன். உண்மையான காரணம் வேறு என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். பெற்றோர் சிலர், போட்டி வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்தும் கருவிகளை வெளியார் பிள்ளைகள் தொடுகிறார்கள் என்று புகார் கொடுத்தார்களாம். இது உண்மையா என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்மை என்றால், போட்டி வகுப்பைப் பற்றிச் சில வார்த்தை.

உங்கள் பள்ளியின் பாடம் பற்றி எனக்கு உயர்ந்த மதிப்பு உண்டு. ஒலிம்பியாடுக்கான போட்டி வகுப்புப் பிள்ளைகள் உயர்நிலையின் மூன்று வருடப் பாடத்தை ஒரு வருடத்தில் முடித்துவிட்டு, பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் நேரடியாகப் பாடம் கேட்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் தற்படிப்பு நேரத்தில் அந்த மாடியில் நடந்தால் சுண்ணக்கட்டிச் சத்தம்தான் கேட்கும். ஒரே கணக்கை நாலு பேர் நாலு பலகையில் நாலு வழியில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது நிறைய. கூடத்தின் கடைசிச் சுவர் முழுக்கப் பதக்கங்கள். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் சீனா 1985-இல் இரண்டே மாணவர்களோடு நுழைந்து, 1989-இல் முதலிடம் பிடித்து, 1990-இல் பெய்ஜிங்கிலேயே அந்தப் போட்டியை நடத்திய கதையையும் அங்கே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் இந்தக் கதையின் ஆரம்பம் 1985 இல்லை. சீனாவில் முதன்முதலாகப் பள்ளி மாணவர்களுக்குக் கணிதப் போட்டிகள் நடந்தது 1956-இல். அதை முன்னின்று தொடங்கியவர் கணிதவியலாளர் ஹுவா லுவோகெங். அவர் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. ஜியாங்சு மாநிலத்தின் ஜிந்தான் என்ற சிற்றூரில் ஒன்பதாம் வகுப்பு முடித்தார். ஷாங்காயில் தொழிற்பள்ளிக்குப் போய், செலவுக்குக் காசு இல்லாமல் பாதியில் திரும்பினார். அப்பாவின் சின்னக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே தனியாகக் கணிதம் படித்தார். டைஃபாய்டு வந்து ஒரு கால் ஊனமானது. 1930-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் பத்திரிகையில் பார்த்த சிங்ஹுவா பேராசிரியர் ஷியோங் சிங்லாய், இவர் யார் என்று விசாரித்து, கடைக்காரப் பையன் என்று தெரிந்தும் அழைத்துவந்தார். 1931-இல் சிங்ஹுவா கணிதத் துறையில் உதவியாளர் வேலை. 1936-இல் கேம்பிரிட்ஜ். அங்கே அவர் கையாண்ட ‘வட்ட முறை’ என்ற எண்கோட்பாட்டு உத்திக்கு வித்திட்டவர்கள் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டியும் எங்கள் கும்பகோணத்து ராமானுஜனும். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கும் எந்தப் பட்டமும் அப்போது இல்லை. இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைக்காமல் உங்கள் பதக்கச் சுவரை நான் கடந்ததே கிடையாது.

உங்கள் போட்டி வகுப்பு ஒரு கடைக்காரப் பையன் போட்ட விதை. அந்த வகுப்பின் கருவிகளைக் கேன்டீன்காரர் மகள் தொடக்கூடாது என்று யாராவது சொன்னால், ஹுவா யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் அதைச் செய்யவில்லை. அறிவிப்பை அனுப்பினீர்கள்.

1977-ஐப் பற்றி உங்கள் பலகை அழகாகச் சொல்கிறது. பதினொரு வருடம் நின்றுபோயிருந்த காவ்காவ் அந்தக் குளிர்காலத்தில் திரும்ப வந்தது. 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்து, ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் கையால் நகலெடுத்துப் படித்தவர்கள். அந்தத் தேர்வு எழுதியவர்கள் இரண்டு பேர் உங்கள் நிர்வாகக் குழுவில் ஆலோசகர்களாக இருக்கிறார்கள் என்று அறிகிறேன். அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: மற்றவர்களுக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் இதைப் படியுங்கள் ஐயா.

இனி என் கோரிக்கைகள்.

சனிக்கிழமை ஆய்வக நேரத்தைச் செப்டம்பர் பருவம் வரை தள்ளாமல் மே மாதமே திரும்பத் திறந்துவிடுங்கள். இந்தத் தடவை வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் தாருங்கள், முதல்வர் மாறினாலும் நிற்கும்படி. பாதுகாப்புக்கு நீங்கள் என்ன விதி போட்டாலும் மூன்று ஆசிரியர்களும் கையெழுத்திடுகிறோம்.

வரலாற்றுக் கூடத்தில் விரைவுப் பள்ளி எந்த ஆண்டு நின்றது, அதன் பிறகு யார் படித்தார்கள் என்பதை முதல் பலகைக்குக் கீழேயே எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டும் சேர்கிறவர்களில் தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணையும் அங்கே போடுங்கள். உங்களிடம் அந்தக் கணக்கு இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் தொழிலைக் கேட்கிறீர்கள். 1966 முதல் 1976 வரையிலான வருடங்களுக்கும் ஒரு பலகை வையுங்கள், அந்த நாட்களில் துன்பப்பட்ட உங்கள் ஆசிரியர்களின் பெயர்களோடு.

பல்கலைக்கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை. இந்த வளாகத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்கிற கேன்டீன், துப்புரவு, காவல், தோட்ட ஊழியர்களின் பிள்ளைகள் இங்கேயே ஜோங்காவ் எழுதி இந்தப் பள்ளிக்குப் போட்டியிட அனுமதி கேட்டு நகரக் கல்வித் துறைக்கு எழுதுங்கள். இட ஒதுக்கீடு கேட்கவில்லை. அதே கேள்வித்தாள், அதே மதிப்பெண். தேர்வு அறைக்குள் போக மட்டும் விடுங்கள். கிடைக்காமல் போகலாம். ஆனால் உங்கள் முத்திரையோடு போகிற கடிதத்தை யாரும் ஆறு வாரம் தொடாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

பதிலை மே மாதம் முடிவதற்குள் தாருங்கள். எனக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. அறிவிப்பு வந்த பிறகும் முதல் இரண்டு சனிக்கிழமை அவர்களில் ஆறு பேர் வந்து ஆய்வக வாசலில் நின்றார்கள், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீசாட் குழுவில் அவர்களின் பெற்றோர் இல்லை. உங்களில் ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கேன்டீனுக்கு வந்து, முடிவு எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இரண்டாம் எண் ஆய்வகத்தில் ஜன்னலோர அலமாரியின் மூன்றாம் தட்டில் நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. 14 மோட்டார்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. நானே எடுத்து வந்து கொடுத்துவிடலாம், என்னிடம் சாவி இருக்கிறது. நான் எடுக்கப் போவதில்லை. அந்தப் பெண் ஜூலையில் ஊருக்குப் போவதற்கு முன்னால் கதவைத் திறந்து, அவளே உள்ளே வந்து எடுத்துக்கொள்ள விடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
சர்வதேசப் பிரிவு